கவனக் குறைபாடும் நடத்தைச் சிக்கலும் உள்ள மாணவர்களைப் பள்ளியில் நெறிப்படுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பாட நேரத்தில் ஓயாமல் எழுந்து நடக்கும், ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்தும், தொடங்கிய வேலையைப் பாதியில் கைவிடும், கோபம் வந்தால் நோட்டுப் புத்தகத்தை எறியும் ஒரு மாணவனைப் பெரும்பாலான பள்ளிகள் ஒரே வரிசையில்தான் கையாள்கின்றன. முதலில் எச்சரிக்கை, அடுத்து வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தல், பிறகு பெற்றோரை வரவழைத்தல், கடைசியாகச் சில நாள் இடைநீக்கம். விதி தெரிந்திருந்தும் அதை மீறத் துணிகிற மாணவனை மனத்தில் வைத்து உருவான வரிசை இது. விதியைத் தடங்கலின்றி ஒப்பிக்கத் தெரிந்தும், அது தேவைப்படும் நொடியில் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாத மாணவனிடம் இது பலிப்பதில்லை. ஒரே மாணவன் ஒரே தவறுக்காக மாதக்கணக்கில் ஒரே தண்டனையைப் பெற்றுவருகிறான் என்றால், அந்தத் தண்டனையால் அவன் எதையும் கற்கவில்லை என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். பள்ளிகளோ கடுமை போதவில்லை என்று பொருள் கொண்டுவிடுகின்றன.

இத்தகைய மாணவர்களுக்கான ஒழுங்குமுறையில் பெரும்பகுதி, தவறு நடப்பதற்கு முன்பே, தவறு நடக்கும் அதே இடத்தில் செய்யப்பட வேண்டிய வேலை. தவறு நடந்த பிறகு கொடுக்கப்படும் விளைவுகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அது சிறிய இடம். கீழே வரும் படிகள் வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், பெற்றோர் மூவரையும் கருதி எழுதப்பட்டவை. வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. குறிப்பாக, முதலிரண்டு படிகளைத் தாண்டிக் குதித்து நேரே பரிசுக்கும் தண்டனைக்கும் போகிறவர்களே பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள்.

படி 1: காரணத்தைத் தேடுதல்

கவனக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏ.டி.எச்.டி., மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, கவனக் குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளிலோ, மிகையியக்கமும் அவசரத்தனமும் சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு, ஆறு மாத காலமாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது வெளிப்பட வேண்டும். ஆகவே, ஒரே ஓர் ஆசிரியரின் பாடவேளையில் மட்டும் அடங்காமல் இருக்கும் குழந்தையைப் பற்றி அவசரப்பட்டு இந்த முடிவுக்கு வரக் கூடாது; அந்தப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்நிலை உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, வளர்வதை அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் அளந்து வெளியிட்டார்கள். புறணியின் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை அடையும் வயது, மற்றக் குழந்தைகளில் ஏறத்தாழ ஏழரையாகவும் இக்குழந்தைகளில் பத்தரையாகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை ஒன்றே, வேகம்தான் பின்தங்கியது. திட்டமிடுதலையும் தன்னை அடக்கிக்கொள்வதையும் கவனிக்கும் முன்பகுதியில் அந்தப் பின்னடைவு மிகுதியாகக் காணப்பட்டது. பத்து வயது மாணவனிடம் பத்து வயதுக்குரிய கணக்கை எதிர்பார்க்கலாம், ஆனால் சுயகட்டுப்பாட்டில் அவனைவிட இளைய குழந்தைக்குத் தேவைப்படும் நினைவூட்டலும் மேற்பார்வையும் அவனுக்குத் தேவைப்படும் என்பதே இதிலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி.

கவனமின்மைபோலத் தோன்றும் வேறு பலவும் உண்டு. காது சரியாகக் கேட்காத குழந்தையும், கரும்பலகை தெளிவாகத் தெரியாத குழந்தையும் அறிவுறுத்தலைத் தவறவிடும். மூச்சுத் தடையால் இரவில் சரியாக உறங்காத குழந்தை பகலில் எரிச்சலோடும் துறுதுறுப்போடும் இருக்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் குழந்தைக்குக் கணநேர வலிப்பு இருக்கலாம். அதைப் பகற்கனவு என்று திட்டிக்கொண்டிருக்கும் வகுப்புகள் உண்டு. வாசிப்பிலோ எழுத்திலோ கற்றல் குறைபாடு உள்ள குழந்தை, தன்னால் முடியாததை மறைக்கக் குறும்பைக் கருவியாக்கிக்கொள்ளும், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு இக்குறைபாடும் சேர்ந்தே இருப்பதால் இதைத் தனியாகச் சோதிப்பது அவசியம். பதற்றம், வீட்டு வன்முறை, அண்மையில் நேர்ந்த இழப்பு ஆகியவையும் இதே முகத்தோடு வரக்கூடும். ஒரு வகுப்பிலேயே வயதில் மிக இளையவர்களாக இருக்கும் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்ற முடிவு அதிகமாக எழுதப்படுகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பிறந்த மாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நோயறிதல் மருத்துவரின் வேலை. பெற்றோரிடம் பேசும்போது "உங்கள் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது" என்று ஆசிரியர் சொல்லக் கூடாது, எப்போது, எங்கே, என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லி, குழந்தைநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். அமைதியாக உட்கார்ந்து கவனத்தை மட்டும் இழக்கும் குழந்தைகளை, பெரும்பாலும் பெண் குழந்தைகளை, யாரும் அனுப்பிவைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வகுப்புக்குத் தொல்லை கொடுக்காததால் இவர்கள் கண்ணில் படுவதில்லை. "சோம்பேறி" என்ற பெயரோடு மேல் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

படி 2: நடத்தையைக் குறித்துவைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால், அது இதுவாக இருக்க வேண்டும். ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடிட்டு, நடத்தைக்குச் சற்றுமுன் என்ன நடந்தது, குழந்தை சரியாக என்ன செய்தது, அதன்பின் என்ன நடந்தது என்பதை இரண்டு வாரங்களுக்கு எழுதிவர வேண்டும். நேரமும் பாடமும் ஓரத்தில் இருக்கட்டும். "முரட்டுத்தனமாக நடந்தான்" என்று எழுதுவதால் பயனில்லை. "பக்கத்து மாணவனின் பென்சிலைப் பிடுங்கி முறித்தான்" என்று, பார்க்காத ஒருவரும் காட்சியாகக் காணும்படி எழுத வேண்டும்.

இரண்டு வாரத் தாள்களைச் சேர்த்துப் படிக்கும்போது, எந்த நேரத்திலும் வெடிப்பதாக நினைத்த குழந்தை உண்மையில் நாளின் இரண்டோ மூன்றோ இடங்களில் மட்டுமே வெடிப்பது பெரும்பாலும் தெரியவரும். நீண்ட எழுத்து வேலை தொடங்கும்போது, விளையாட்டு முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது, ஆசிரியர் மாறும் ஐந்து நிமிட இடைவெளியில் என்று இடங்கள் அடையாளப்படும். அடுத்து, அந்த நடத்தையால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். நடத்தை ஆய்வாளர்கள் இதை நான்காகப் பிரிக்கிறார்கள்: பிறருடைய கவனம் கிடைக்கிறது, விரும்பிய பொருளோ செயலோ கிடைக்கிறது, விரும்பாத வேலையிலிருந்து தப்பிக்க முடிகிறது, அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஒரு நிறைவைத் தருகிறது.

ஒரு சிறுவன் கட்டுரை எழுதச் சொன்னவுடன் தாளைக் கிழிக்கிறான். ஆசிரியர் அவனை வெளியே அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் கணக்கில் அது தண்டனை. சிறுவனுக்கோ, எழுத முடியாத கட்டுரையிலிருந்து விடுதலை. மறுநாளும் அவன் கிழிப்பான். இதே தாளைக் கிழிக்கும் செயல், வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரிப்பதற்காக நடக்கிறது என்றால் தீர்வு முற்றிலும் வேறு. முதல் சிறுவனுக்கு எழுத்து வேலையைச் சிறு பகுதிகளாக்கி உதவி கேட்கும் வழியைக் கற்றுத்தர வேண்டும். இரண்டாமவனுக்கு, நல்லபடியாக இருக்கும் நேரத்தில் போதுமான கவனத்தைக் கொடுத்துவிட்டு, கிழிக்கும் நேரத்தில் அதை விலக்கிக்கொள்ள வேண்டும். வெளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு செயல்களுக்கு ஒரே தண்டனைப் பட்டியலைப் பயன்படுத்தும் பள்ளி, இவர்களில் ஒருவனுக்காவது தவறையே பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறது.

படி 3: அறையையும் நேரத்தையும் மாற்றியமைத்தல்

குழந்தையை மாற்றுவதைவிட அறையை மாற்றுவது எளிது. அதனால் குழந்தையை மாற்ற முயலும் முன் இதைச் செய்ய வேண்டும். இருக்கை ஆசிரியருக்கு அருகிலும், கதவு, சன்னல், மின்விசிறியின் சத்தம், நடமாட்டம் ஆகியவற்றிலிருந்து தள்ளியும், நிதானமான மாணவர்களின் பக்கத்திலும் இருக்கலாம். அருகில் உட்காரவைப்பது வேறு, எல்லோரையும் விட்டுத் தனி மேசையில் ஒதுக்கிவைப்பது வேறு. பின்னதை ஒரு குழந்தையும் உதவியாக எடுத்துக்கொள்வதில்லை.

அறிவுறுத்தலைச் சொல்வதற்கு முன் குழந்தையின் பெயரைச் சொல்லி, பார்வை வந்ததும் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "புத்தகத்தை எடுத்து நாற்பதாம் பக்கத்தைத் திறந்து மூன்றாவது கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை மேசையில் வையுங்கள்" என்ற வாக்கியத்தில் நான்கு கட்டளைகள் இருக்கின்றன. தற்காலிக நினைவாற்றல் பலவீனமான குழந்தையிடம் முதலாவதும் கடைசியும்தான் மிஞ்சும். வரிசையைப் பலகையில் எழுதிவிட்டால் நினைவின் சுமை குறையும். "இதைச் செய்கிறாயா?" என்று கேள்வியாகக் கேட்டுவிட்டு, "மாட்டேன்" என்ற பதிலைக் கீழ்ப்படியாமையாகக் குறித்துக்கொள்வதும் சரியல்ல.

இருபது கணக்குகளை ஒரே தாளில் தருவதைவிட ஐந்தைந்தாக நான்கு தாள்களில் தரலாம். ஒவ்வொரு தாளையும் எழுந்துவந்து கொடுக்க வேண்டும் என்று வைத்தால், அனுமதிக்கப்பட்ட நடையும் கிடைத்துவிடுகிறது. பலகையைத் துடைப்பது, நோட்டுகளைப் பகிர்ந்தளிப்பது, பக்கத்து வகுப்புக்குத் தகவல் கொண்டுபோவது ஆகியவை எல்லாம் உடலுக்குத் தேவையான அசைவை மதிப்போடு தரும் வழிகள். நின்றுகொண்டு எழுதினால் என்ன கெட்டுவிடும் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத கேள்வி.

விருப்பமில்லாத வேலைக்குப் பின் விருப்பமான வேலையை வைக்கும் உத்தியை உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் ஆய்வின் வழியே நிறுவினார். கணக்குக்குப் பின் ஓவியம் என்று கால அட்டவணையில் சிறு மாற்றம் செய்வதற்குச் செலவில்லை. ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரங்களில், ஐந்து நிமிடம் முன்பும் ஒரு நிமிடம் முன்பும் அறிவித்துவிட வேண்டும்.

படி 4: சில விதிகளை வகுத்து, அவற்றைப் பாடமாக நடத்துதல்

மூன்று முதல் ஐந்து விதிகள் போதும். "ஓடாதே" என்பதற்குப் பதிலாக "வகுப்பில் நடந்து செல்கிறோம்" என்று, செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியமாக இருக்கட்டும். சுவரில் ஒட்டியதோடு வேலை முடிந்துவிடாது. கையுயர்த்துவது எப்படி, உதவி கேட்பது எப்படி, தோற்றுவிட்ட விளையாட்டிலிருந்து விலகுவது எப்படி என்று நடித்துக்காட்டி, குழந்தைகளையும் செய்யவைத்து, விடுமுறைக்குப் பின் மீண்டும் ஒருமுறை நடத்த வேண்டும். விதி தேவைப்படும் இடத்துக்குச் சற்று முன்பு அதை நினைவூட்டுவது, தவறு நடந்தபின் பத்து நிமிடம் விரிவுரை ஆற்றுவதைவிடப் பயனுள்ளது.

படி 5: பாராட்டும் நாளறிக்கை அட்டையும்

ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளுக்குத் தள்ளிப்போகும் வெகுமதி ஏறத்தாழ இல்லாத வெகுமதி. ஆண்டிறுதித் தேர்ச்சி, மாதக் கடைசியில் சான்றிதழ் போன்ற தொலைவான பலன்கள் அவர்களின் இந்த நொடியைத் தொடுவதில்லை. ஆகவே பாராட்டு உடனடியாகவும் அடிக்கடியும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை" என்பதைவிட "கையை உயர்த்திவிட்டுக் காத்திருந்தாய், நன்றி" என்பது எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதைக் குழந்தைக்குத் தெரிவிக்கிறது. பதின்வயதினரை எல்லோர் முன்னிலையிலும் புகழ்வது சில நேரம் எதிர்விளைவைத் தரும். அவர்களுக்குத் தனியாகச் சொல்லும் ஒரு வாக்கியமோ நோட்டின் ஓரத்தில் எழுதிய ஒரு சொல்லோ போதும்.

இதற்கு மேல் தேவைப்படும் குழந்தைகளுக்கு, நன்கு ஆராயப்பட்ட கருவி நாளறிக்கை அட்டை. படி 2இல் எழுதிய தாள்களிலிருந்து மூன்று அல்லது நான்கு இலக்குகளைத் தேர்ந்தெடுத்து, எண்ணக்கூடிய வடிவில் எழுத வேண்டும். "ஒழுங்காக இருத்தல்" என்பது இலக்காகாது. "ஒரு பாடவேளையில் மூன்று நினைவூட்டல்களுக்கு மிகாமல் இருக்கையில் இருத்தல்" என்பது இலக்கு. இலக்கின் அளவு குழந்தையின் இன்றைய நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது பாடவேளைக்கு எட்டு முறை எழுந்திருக்கிறான் என்றால் முதல் வார இலக்கு ஆறு; பூச்சியம் அல்ல. முதல் சில நாட்களில் பெரும்பாலான கட்டங்களில் வெற்றிக்குறி விழும்படி இலக்கை அமைக்காவிட்டால், மூன்றாம் நாளே அட்டை புத்தகப் பையின் அடியில் காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் ஆசிரியர் ஆம் அல்லது இல்லை என்று குறித்து, ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல வேண்டும். அட்டை மாலையில் வீட்டுக்குப் போகும். பெற்றோர் அன்றே, முன்கூட்டி ஒப்புக்கொண்ட சலுகையைத் தருவார்கள். சலுகை விலையுள்ளதாக இருக்க வேண்டியதில்லை. கூடுதலாக அரை மணி நேர விளையாட்டு, அப்பாவோ அம்மாவோ தனியாகத் தரும் நேரம், இரவுக் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவை போதும். பல படித்தரங்கள் இருந்தால் நல்லது: எல்லாக் குறிகளும் விழுந்தால் பெரிய சலுகை, முக்கால்வாசி விழுந்தால் நடுத்தரம், பாதி விழுந்தால் சிறியது. குறிகள் விழாத நாளில் பெற்றோர் அதற்காகத் தனியே திட்டவோ அடிக்கவோ கூடாது. அட்டை அடிக்குக் காரணமாகிவிட்டால் குழந்தை அதை மறைக்கும், ஆசிரியரும் உண்மையை எழுதத் தயங்குவார். வீட்டில் சலுகை தர இயலாத சூழல் இருந்தால், அதைப் பள்ளியிலேயே கடைசிப் பாடவேளையில் தர ஏற்பாடு செய்யலாம்.

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்று மற்ற மாணவர்கள் கேட்பார்கள் என்பது ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு, உனக்கு ஒன்று தேவைப்பட்டால் உனக்கும் கிடைக்கும் என்ற நேர்மையான பதிலைக் குழந்தைகள் பெரியவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். முழு வகுப்பையும் சேர்த்துச் செய்ய விரும்புவோர்க்கு, 1969இல் அமெரிக்காவில் நான்காம் வகுப்பு ஒன்றில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட நன்னடத்தை விளையாட்டு ஒரு வழி. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, விதிமீறலின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும் எல்லாக் குழுக்களும் வென்றதாகக் கொள்வார்கள். ஒரே குழந்தையால் குழு தொடர்ந்து தோற்கிறது என்றால், அக்குழந்தையைக் கொஞ்ச காலம் தனிக் குழுவாக எண்ணுவதுதான் நியாயம். இல்லாவிட்டால் விளையாட்டு, வெறுப்பை வளர்க்கும் கூட்டுத் தண்டனையாக மாறிவிடும்.

படி 6: தவறு நடந்தபின் தரப்படும் விளைவுகள்

சிறு தவறுகளில் பல, கவனத்தை நாடுபவை. அவற்றைத் திட்டமிட்டுப் புறக்கணிக்கலாம். ஆனால் புறக்கணிக்கத் தொடங்கியவுடன் நடத்தை குறைவதற்கு முன் சில நாட்கள் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். நான்காம் நாள் பொறுமை இழந்து கத்திவிட்டால், இன்னும் சத்தமாகச் செய்தால் கவனம் கிடைக்கும் என்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். யாருக்காவது காயம் ஏற்படுத்தக்கூடிய செயலை ஒருபோதும் புறக்கணிக்கக் கூடாது.

புறக்கணிக்க முடியாதவற்றுக்கு, அருகில் போய்த் தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியத்தில் திருத்தம் சொல்லி, குழந்தை செய்வதற்குச் சில நொடிகள் தர வேண்டும். விளைவு தேவைப்பட்டால் அது சிறியதாகவும், முன்கூட்டித் தெரிந்ததாகவும், தவறோடு தொடர்புடையதாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியும் இருக்கட்டும். சிந்தியதைத் துடைப்பது, கிழித்ததை ஒட்டுவது, வீணாக்கிய வேலையை முடிப்பது ஆகியவை இத்தகையவை. கடுமையைவிட உறுதிதான் வேலை செய்கிறது. ஒரு நாள் கண்டுகொள்ளாமல் விட்டு மறுநாள் முட்டிபோட வைக்கும் ஆசிரியரிடம் குழந்தை கற்பது, ஆசிரியரின் மனநிலையைக் கணிப்பதை மட்டுமே.

சிலவற்றை அறவே விலக்க வேண்டும். இடைவேளையையும் விளையாட்டு வகுப்பையும் பறிப்பது இவற்றில் முதன்மையானது: அசையாமல் இருக்க முடியாத குழந்தையிடமிருந்து அசைவதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே நேரத்தையும் எடுத்துக்கொண்டால், அடுத்த பாடவேளையின் விலையை ஆசிரியரே கொடுக்க வேண்டியிருக்கும். இடைவேளையைத் தண்டனைக்காகப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2013இல் வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. எழுத்தைத் தண்டனையாக்கும் இம்போசிஷன், எழுதச் சிரமப்படும் குழந்தைக்கு எழுத்தின்மேலேயே வெறுப்பை ஏற்படுத்தும். தொல்லை தருபவர்களின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பது எனக்குச் சற்றும் ஒப்பாத பழக்கம். ஆண்டு முழுதும் ஒரே இரண்டு மூன்று பெயர்கள்தான் அங்கே இருக்கும், பிறகு அந்தப் பெயர்களே அந்தக் குழந்தைகளின் அடையாளமாகிவிடும். அடியும் அவமானப்படுத்தும் சொல்லும் பற்றி வாதிடவே தேவையில்லை. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றதாக இருப்பதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 28ஆம் பிரிவில் கூறுகிறது.

படி 7: குழந்தை வெடிக்கும் வேளையில்

கோப வெடிப்பு திடீரென வருவதாகத் தோன்றினாலும், அதற்கு ஓர் ஏறுவரிசை உண்டு. ஜெஃப் கால்வின் என்ற கல்வியியலாளர் அதை ஏழு கட்டங்களாக விவரித்தார்: அமைதி, தூண்டல், கிளர்ச்சி, வேக ஏற்றம், உச்சம், தணிவு, மீட்சி. ஆசிரியரால் எதையாவது மாற்ற முடிவது முதல் மூன்று கட்டங்களில்தான். காலை ஆட்டுவது, பென்சிலைத் தட்டுவது, முகத்தைத் திருப்புவது, பதில் சொல்வதை நிறுத்துவது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் கிளர்ச்சிக்கட்ட அடையாளம் ஒன்றுண்டு. அதைக் கண்டவுடன் தண்ணீர் குடித்துவர அனுப்புவது, வேலையைச் சற்றுக் குறைப்பது, அருகில் போய் "உதவி வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்பது ஆகியவை போதுமானதாக இருக்கும்.

வேக ஏற்றக் கட்டத்தில் குழந்தை வாதத்துக்கு இழுக்கும், சவால்விடும். இங்கே ஆசிரியர் குரலை உயர்த்தினால் உச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று பொருள். பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கும் அதிகமான தொலைவில் நின்று, இரண்டு தேர்வுகளைச் சொல்லி, பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. உச்சக் கட்டத்தில் பேச்சு உள்ளே போகாது. காரணம் கேட்பது, மன்னிப்புக் கேட்கச் சொல்வது, தண்டனையை அறிவிப்பது எல்லாம் வீண். மற்ற மாணவர்களை விலக்கி, எறியக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்தி, பேச்சைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். குழந்தையை உடல்ரீதியாகப் பிடித்து நிறுத்துவது, உடனடிக் காயத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, அதற்குப் பயிற்சி பெற்றவர்களால், முடிந்தவரை குறைந்த நேரம் மட்டுமே செய்யப்பட வேண்டியது. செய்தால் அன்றே எழுத்தில் பதிந்து பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தணிந்த குழந்தை களைத்தும் குழம்பியும் இருக்கும். வண்ணம் தீட்டுவது, அடுக்கிவைப்பது போன்ற எளிய வேலையைத் தந்து மீண்டும் வகுப்போடு சேர்த்துவிட்டு, பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 8: அமைதியான நேரத்தில் பேசுதல்

முடிந்தால் அன்று பிற்பகலிலோ மறுநாள் காலையிலோ, தனியாக, பத்து நிமிடம் போதும். அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன் வகுத்த ஒத்துழைப்பு முறையின் வரிசை இதற்கு உதவுகிறது. முதலில், "எழுதச் சொன்னபோது கஷ்டமாக இருந்ததைக் கவனித்தேன், என்ன நடந்தது?" என்று குற்றச்சாட்டின்றித் தொடங்கிக் கேட்டுக்கொள்வது, அடுத்து, ஆசிரியர் தன் கவலையைச் சொல்வது, பிறகு, இருவருக்கும் ஒத்துவரும் ஒரு வழியைச் சேர்ந்து தேடுவது. "தெரியலை" என்ற பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையான பதில். இரண்டு மூன்று ஊகங்களைச் சொல்லி, எது பொருந்துகிறது என்று கேட்கலாம். மன்னிப்புக் கடிதத்தை வலிந்து எழுதவைப்பதைவிட, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தால் ஓரளவு சரியாகும் என்று குழந்தையிடமே கேட்பது மேல்.

படி 9: இடைநீக்கம் பற்றி முடிவெடுத்தல்

ஆயுதம், கடும் காயம் போன்றவற்றில் மற்றக் குழந்தைகளின் பாதுகாப்பு முதலில் வரும். அதில் மாற்றுக்கருத்து இல்லை. மற்ற நிகழ்வுகளில், இடைநீக்கம் செய்யும் முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் விடையோடு பதிய வேண்டும். இந்தச் செயல் குழந்தையின் குறைபாட்டால் விளைந்ததா, அல்லது அதோடு நேரடியான, கணிசமான தொடர்புடையதா? குழந்தைக்கு எனத் தீட்டப்பட்ட திட்டத்தைப் பள்ளி செயல்படுத்தாததால் இது நடந்ததா? மாற்றுத்திறன் கொண்ட மாணவரைப் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் வெளியேற்ற முனையும் பள்ளி இந்த இரண்டையும் ஆராய்ந்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதி. விடைகளில் ஒன்று "ஆம்" என்றாலும், பொதுவாகக் குழந்தையைத் திரும்ப அழைத்து, நடத்தையை மறுபடி ஆராய்ந்து திட்டத்தைத் திருத்த வேண்டும். இச்சட்டம் இல்லாத இடங்களிலும் இக்கேள்விகளைக் கேட்பதற்குத் தடையில்லை. பள்ளியை வெறுக்கும் குழந்தைக்கு இடைநீக்கம் விடுமுறை என்பதையும், வீட்டில் யாரும் இல்லாத குழந்தைக்கு அது கண்காணிப்பற்ற பகல் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

படி 10: வீட்டோடு வைக்கும் தொடர்பு

பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும் நிலையில் பெற்றோரை வைத்திருக்கும் பள்ளியால் அவர்களின் ஒத்துழைப்பைப் பெற முடியாது. முதல் அழைப்பு ஒரு நல்ல செய்திக்காக இருக்கட்டும். புகார் சொல்ல வேண்டியபோது குழந்தையை அருகில் நிறுத்திவைத்துச் சொல்லக் கூடாது. பெற்றோரும் தம் பங்குக்கு, குழந்தை முந்தைய இரவு உறங்கவில்லை, வீட்டில் ஒரு சச்சரவு நடந்தது என்பது போன்ற செய்திகளைக் காலையிலேயே டைரியில் எழுதியனுப்பினால், ஆசிரியர் அன்றைய எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வார். பள்ளியில் நடந்ததற்கு வீட்டில் இரண்டாம் முறை தண்டனை வேண்டாம்.

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மீதைல்பெனிடேட் போன்ற மருந்துகள் பல குழந்தைகளில் கவனத்தைத் தெளிவாக மேம்படுத்தி, அவசரத்தனத்தைக் குறைக்கின்றன. ஆனால் எழுத்தையும் நட்பையும் கோபத்தைக் கையாள்வதையும் அவை கற்றுத்தருவதில்லை. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ சொல்வது பள்ளியின் வேலையல்ல. எந்த நேரத்தில் கவனம் கூடுகிறது, எப்போது குறைகிறது, மதிய உணவில் பசி இருக்கிறதா, முகம் வாடிக் கிடக்கிறதா என்று ஆசிரியர் எழுதித் தரும் குறிப்பு, அளவைச் சரிசெய்ய மருத்துவருக்கு உதவும். "இன்று மாத்திரை போடவில்லையா?" என்று வகுப்பில் கேட்பது அந்தரங்க மீறல்.

படி 11: மறுபார்வையும் ஒப்படைப்பும்

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, தொடக்கத்தில் எழுதிய எண்ணிக்கையையும் இன்றைய எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு எட்டு வெடிப்புகள் ஐந்தாகக் குறைந்திருந்தால் அது முன்னேற்றம், வகுப்பு இன்னும் சத்தமாக இருந்தாலும். எண் அசையவே இல்லை என்றால் காரணம் பற்றிய ஊகத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும், குழந்தையை அல்ல. நன்றாகப் போகிறது என்று அட்டையை ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் தவறு. பாடவேளைக் குறிகளை அரைநாள் குறிகளாகவும், பிறகு வாரக் குறிகளாகவும் மெதுவாக விலக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு இந்த ஊன்றுகோல் பல ஆண்டுகள் தேவைப்படும்.

கல்வியாண்டின் கடைசி வாரத்தில், அடுத்த வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதப்பட வேண்டும். நோயின் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. குழந்தைக்கு என்ன பிடிக்கும், எதில் திறமை, எந்த நேரம் கடினமானது, கிளர்ச்சிக்கட்டத்தின் முதல் அடையாளம் எது, அப்போது எது உதவியது, எது நிலைமையை மோசமாக்கியது, வீட்டில் யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம் என்பவை இருந்தால் போதும். குறிப்பைப் பெற்றோரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, புதிய ஆசிரியரிடம் நேரில் கொடுத்து, பள்ளி திறக்கும் முன்பே குழந்தையை ஒருமுறை அந்தக் காலி வகுப்பறைக்கு அழைத்துப்போய், அவன் உட்காரப்போகும் இடத்தை அவனே தேர்ந்தெடுக்கச் செய்யலாம்.